புரியாதவன் என்றொரு பதவி

நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை அலுவலகத்திலிருந்து மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் முறை, பீரோ சாவி எங்கே என்று கேட்க. இரண்டாவது முறை, சாவி கிடைத்துவிட்டது, அது எந்த பீரோவுக்கு என்று கேட்க. மூன்றாவது முறை போன மாதம். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

பேசியவன் பிரகாஷ். இப்போது என் இடத்தில் இருக்கிறவன்.

"சார், நம்ம பல்கலைக்கழக ஆண்டு மலருக்கு நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும். வாத்தியாருங்களும் ஆபீஸ்காரங்களும் உக்காந்து புரொபோசல் எழுதுறதால என்ன பிரயோசனம்னு."

"பணம் வரும்னு ஒரு வரி எழுதிக்கோ. முடிஞ்சுபோச்சு."

"அதில்ல சார். இப்பல்லாம் தலைப்பச் சொன்னா கம்ப்யூட்டரே முப்பது பக்கம் எழுதிக் குடுத்துருது. டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள முடிஞ்சிருது. அப்புறம் எதுக்கு நாங்க மாசக்கணக்கா மண்டைய ஒடைக்கணும்னு புதுசா வந்தவங்க கேக்குறாங்க."

"அந்தக் கம்ப்யூட்டர் எப்பவாச்சும் 'எனக்குப் புரியல'ன்னு சொல்லுமா?"

"அது எங்க சார் சொல்லுது? எதைக் குடுத்தாலும் அருமையா இருக்குன்னுதான் சொல்லுது."

"அப்ப என் வேலைய அதால பார்க்க முடியாது. எழுதுறேன் போ."

நான் சொன்னது பிரகாஷுக்கு விளங்கவில்லை. விளங்காது. ஏனென்றால் பணிப்பதிவேட்டில் நான் தட்டச்சர், பிறகு உதவியாளர், கடைசியில் கண்காணிப்பாளர். ஆனால் நான் நிஜமாகப் பார்த்த வேலை வேறு. புரியாமல் இருப்பது. இருபது வருடம் அந்த வேலையை ஒழுங்காகப் பார்த்தேன். ஒரே ஒரு முறை கோட்டை விட்டேன். அந்த ஒரு முறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

ஊர் சேவுகம்பட்டி. விவசாயக் குடும்பம். பத்தாம் வகுப்பில் அறிவியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதினால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள். தட்டச்சு மட்டும் வந்தது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஆய்வுத் திட்டப் பிரிவு என்று ஒரு அறை, இரண்டு ஜன்னல், ஒரு டைப்ரைட்டர். அதற்கு முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். பிற்பாடு டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. என் வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை என்பதை இரண்டு இயந்திரங்களும் சாட்சி சொல்லும்.

பேராசிரியர்கள் ஆய்வு செய்யப் பணம் வேண்டும். பணம் டெல்லியில் இருக்கிறது, சில சமயம் சென்னையில். இன்ன ஆய்வு, இத்தனை வருடம், இத்தனை பேர், இன்னது தெரியவரும் என்று எழுதிக் கேட்டால், பிடித்திருந்தால் தருவார்கள். அந்த எழுத்துக்குத்தான் புரொபோசல் என்று பெயர். எங்கள் அறை வழியாகத்தான் அது போக வேண்டும். துறைத் தலைவர் கையெழுத்து, அப்புறம் பதிவாளர் கையெழுத்து. பதிவாளர் சாப்பாட்டுக்கு முன்னால் கையெழுத்துப் போட மாட்டார், பசி. சாப்பிட்ட பிறகும் போட மாட்டார், தூக்கம். கை கழுவப் போகிற வழியில் பிடிக்க வேண்டும். அந்த வித்தை எனக்குத் தெரியும் என்பதால்தான் வேலையில் வைத்திருக்கிறார்கள் என்று முதல் சில வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரிவுக்குப் பொறுப்பு ருக்மணி மேடம். வேதியியல் பேராசிரியர். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பாதி பிளேடால் பென்சிலைச் சீவிச் சீவி ஒரு பழைய சாஸரில் போட்டுக்கொண்டே எதையும் கேட்பார். பதிலாக வருவது பெரும்பாலும் ஒரு 'ம்'. குட்டை 'ம்' வந்தால் மேலே போகலாம். நீண்ட 'ம்ம்ம்' வந்தால், நீ பொய் சொல்கிறாய், எனக்குத் தெரியும், இருந்தாலும் முடி. 'ம்'மே வராமல் பென்சில் சீவும் சத்தமும் நின்றுவிட்டால் வீட்டுக்குப் போய்விடுவது உத்தமம்.

ஒரு நாள் இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் திட்டத்தை அடித்து முடித்தேன். இருபத்தெட்டுப் பக்கம். வாங்கிக்கொண்டு போக வந்தார். என் வாய் சும்மா இருக்காது.

"சார், ஒரு சந்தேகம். இதுல நீங்க என்னத்தக் கண்டுபிடிக்கப் போறீங்க?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தட்டச்சர் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் கால் மணி நேரம் நின்றுகொண்டே விளக்கினார். உள் அறையிலிருந்து மேடத்தின் குரல் வந்தது.

"சவரி, சார் என்ன சொன்னாரு? எனக்குத் திருப்பிச் சொல்லு."

நான் எழுந்து நின்று ஒப்பித்தேன். "சாருக்கு ஒரு மெஷின் வேணுமாம் மேடம். வெளிநாட்டுல இருந்து வரணுமாம். வந்ததுக்கப்புறம் அத வச்சு என்ன செய்யலாம்னு பார்ப்பாராம்."

"யோவ், நான் அப்படியா சொன்னேன்?" என்று அவர் குதித்தார்.

"அவனுக்கு அப்படித்தான கேட்டிருக்கு," என்றார் மேடம். "டெல்லியில வாசிக்கிறவருக்கும் அப்படித்தான் கேக்கும். ஒரு தடவ மாத்தி எழுதிட்டு வாங்க சார்."

அவர் என்னிடம் மூன்று வாரம் பேசவில்லை. நான்காவது வாரம் ஒன்பதே பக்கத்தில் ஒரு திட்டத்தோடு வந்தார். முதல் வரியிலேயே எதைக் கண்டுபிடிக்கப் போகிறார் என்று இருந்தது. மெஷின் ஏழாம் பக்கத்தில் அடக்கமாக வந்தது. பணம் கிடைத்தது. அரை கிலோ மைசூர்பாகு கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "நீ ஒரு முட்டாள்ய்யா, அதுக்குத்தான் இது" என்றார். உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டுப் பத்திரம் அதுதான்.

அன்றிலிருந்து அது நடைமுறையாகிவிட்டது. என் மேசைக்கு எதிரில் ஒரு இரும்பு நாற்காலி. திட்டம் எழுதியவர் அதில் உட்கார வேண்டும். தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், பார்த்துப் படிக்கக் கூடாது. ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். எனக்குத் தெரியாத சொல் வந்தால் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நான் கையைத் தூக்க வேண்டும். பிறகு நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் சொல்வது அவர் நினைத்ததோடு ஒத்துப்போகும்வரை தாள் அறையைத் தாண்டாது. ஒரு முறை நான் கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை பிசகி வைத்தியரிடம் போனேன். அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர் தாவரவியல்காரர்.

வளாகத்தில் இதற்குச் 'சவரி டெஸ்ட்' என்று பெயர் வந்துவிட்டது. டெஸ்ட்டுக்கு முதல் நாள் மனைவியிடம் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. முடிவெட்டும் கடையில் ஒத்திகை பார்த்த ஒரு வரலாற்றுப் பேராசிரியர், கடைக்காரர் கேட்ட கேள்வியில் தலைப்பையே மாற்றிக்கொண்டு வந்தார்.

இதில் ஒரு தொழில் ஆபத்து இருப்பதை மேடம்கூட யோசிக்கவில்லை. இருபது வருடம் அறிவாளிகள் எதிரில் உட்கார்ந்து பேசினால் பனைமரத்துக்கும் நாலு சொல் ஒட்டிக்கொள்ளும். எனக்கும் ஒட்டியது. மெத்தடாலஜி, பேஸ்லைன், நவெல்ட்டி. என்ன அர்த்தம் என்பது முக்கியமில்லை, எங்கே போட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. வீட்டிலும் போட ஆரம்பித்தேன். ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "என்ன லூர்து, மூணு நாளா அதே வெஞ்சனம். நவெல்ட்டியே இல்லையே" என்றேன்.

என் மனைவி லூர்துமேரி கரண்டியைக் கீழே வைத்தாள். "இம்புட்டு இங்கிலீசு பேசுற ஆளு, அடுப்படிக்கு வந்து ஒரு நவெல்ட்டி செஞ்சு காட்டுறது? யாரு வேணாம்னா?"

கை தூக்குவதும் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அறிவு வளர்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தராசு, தன் எடையும் கூடிவிட்டதே என்று பெருமைப்படுகிற மாதிரி.

இந்த நிலையில்தான் தண்டபாணி சாரின் வெங்காயம் வந்தது.

தண்டபாணி சார் உதவிப் பேராசிரியர், பழனிக்காரர். நல்ல மனிதர், எப்போதும் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரியே நடப்பார். அவரிடம் கோகிலா என்று ஒரு பெண் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தொப்பம்பட்டிப் பக்கத்துக் கிராமம். சின்ன வெங்காயம் போடுகிற குடும்பம். அவளுடைய மாத உதவித்தொகை ஒரு பழைய திட்டத்திலிருந்து வந்தது. அந்தத் திட்டம் பங்குனியோடு முடிகிறது. புதுத் திட்டத்துக்குப் பணம் வந்தால் அவள் தொடர்ந்து படிக்கலாம். வராவிட்டால், வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதும் வேலையை அவள் அப்பா வேலுச்சாமி பேசி வைத்திருந்தார். "ரெண்டு வருசம் பாத்தாச்சு அம்மிணி, போதும்" என்று சொல்லிவிட்டாராம். ஆக, அந்தப் புரொபோசலில் வெங்காயம் ஒரு பக்கம், அவள் படிப்பு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் அது தெரியும்.

அந்த வாரம் மேடம் கண் அறுவை சிகிச்சைக்காக மதுரை போயிருந்தார். நாற்காலியில் தண்டபாணி சார். பின்னால் பெஞ்சில் கோகிலா. இந்தப் பக்கம் நான், தனியாட்சி.

சார் பேசினார். சேமிப்பின்போது உண்டாகும் அழுகல், அதற்குக் காரணமான நுண்ணுயிர்க் கூட்டம், அதன் மரபணு வரைபடம், அதற்கொரு மாதிரி, அந்த மாதிரிக்கொரு சரிபார்ப்பு. ஒரு சொல்லுக்குக்கூட நான் கையைத் தூக்கவில்லை. எல்லாமே கேட்ட சொற்கள். டீ ஆறுவதற்கு முன்னால் நான் திருப்பிச் சொன்னேன், அவர் சொன்னதைவிட நாலு சொல் கூடுதலாகப் போட்டு. அவர் அசந்துபோனார்.

"ஏனுங்க சவரி சார், நீங்களே ஒரு டாக்டரேட் வாங்கிரலாமுங்க!"

அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்தேன்.

பின்னாலிருந்து கோகிலா மெதுவாக, "சார், ஏனுங்க சார், நம்ம வெங்காயப் பட்டறையில பாத்தமுங்களே, அது..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் அடுத்த கட்டம்மா," என்றேன் நான். எனக்கு எந்தக் கட்டமும் தெரியாது. தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திட்டம் டெல்லிக்குப் போனது.

தை மாதம் பதில் வந்தது. நிராகரிப்பு. மதிப்பீட்டாளர் ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: இந்த ஆய்வு முடிந்தபின், வெங்காயம் வைத்திருப்பவர் எதை மாற்றிச் செய்வார் என்று எங்குமே சொல்லப்படவில்லை.

நான் அந்தக் காகிதத்தைப் பல முறை படித்தேன். பழைய சவரியாக இருந்திருந்தால் முதல் மிடறு டீயிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. 'சார், இதனால வெங்காயக்காரருக்கு என்ன ஆகும்?' இதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். படித்தார். பென்சில் சீவும் சத்தம் நின்றுவிட்டது.

"சவரி, அவர் சொன்னது உனக்கு நெசமாவே புரிஞ்சுதா?"

"புரிஞ்ச மாதிரி இருந்துச்சு மேடம்."

"புரிஞ்ச மாதிரி இருக்குறதுக்கு இந்தக் கட்டடம் பூரா ஆள் இருக்காங்களே. உன்னை எதுக்கு உக்கார வச்சேன்?"

உத்தியோகத்தில் நான் மெமோ வாங்கியதில்லை. அன்றைக்கு ஒரு மெமோ கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

நேராகக் கோகிலாவைத் தேடிப் போனேன். ஆய்வகத்தில் தன் பொருட்களை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தியே, நான்தான் பெரிய மனுசன் மாதிரி வாய அடச்சுட்டேன். இப்பச் சொல்லு."

"இனிச் சொல்லி என்னாகுதுங்க சார்?"

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. சத்தியமாப் புரியல. சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு சொன்னாள். தொப்பம்பட்டிப் பக்கம் அறுவடை செய்த வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். கல் அடுக்கி, மேலே மூங்கில் பரப்பி, தென்னங்கீற்று வேய்ந்த நீளமான கூண்டு, சக்கரம் கழற்றிய பஸ் மாதிரி. விலை ஏறும்வரை வெங்காயம் அதற்குள் இருக்கும். அவள் அப்பாவின் பட்டறைக்கும் அடுத்த நிலத்துக்காரர் குப்பண்ணன் பட்டறைக்கும் பத்தடி தூரம். ஒரே விதை, ஒரே மண். அவள் அப்பாவுடையது கீழிருந்து அழுகுகிறது. குப்பண்ணனுடையது அழுகுவதில்லை. ஏனென்று யாருக்கும் தெரியாது. அதைத்தான் அவள் கண்டுபிடிக்க நினைத்தாள்.

"இத ஏம்மா எழுதல?"

"சார்கிட்டச் சொன்னனுங்க. ரொம்பச் சாதாரணமா இருக்குதுன்னு சொன்னாருங்க."

தண்டபாணி சாரிடம் போய்க் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "இத எழுதுனா இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியான்னு கேப்பாங்களோன்னு பயமா இருந்துச்சுங்க. அதான் கொஞ்சம் கனமா எழுதிப்போட்டேன்."

நான் புரிந்த மாதிரி காட்டிக்கொண்டேன், அவர் கனமாகக் காட்டிக்கொண்டார். இரண்டு பெரிய மனிதர்களுக்கு நடுவில் ஒரு பெண்ணின் படிப்பு அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

வேறொரு நிதி அமைப்பு விண்ணப்பம் கேட்டிருந்தது. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. தண்டபாணி சாரும் கோகிலாவும் முதலிலிருந்து எழுதினார்கள். எழுதி முடித்ததும் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நான் டீக்குச் சொன்னேன். மேடம் உள்ளேயிருந்து வந்து நின்றார்.

"நீ எந்திரி சவரி."

"மேடம்?"

"உனக்கு இப்ப வெங்காயத்தப் பத்தி எல்லாம் தெரியும். நீ லாயக்கில்ல."

இருபது வருடப் பதவி இப்படிப் போய்விட்டது. மாற்று ஆள் தேடினோம். விவரம் புரியாத ஒருவர் வேண்டும் என்று நான் போய்க் கேட்டதில் உதவிப் பதிவாளர் கோபித்துக்கொண்டார். நூலகத்தில் கேட்டேன், "எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?" என்றார்கள். பல்கலைக்கழகம் முழுவதும் தேடியும் 'எனக்கு விளங்காது' என்று ஒப்புக்கொள்ள ஒரு ஆள் கிடைக்கவில்லை.

"இங்க எதுக்குத் தேடணும்?" என்றார் மேடம். "பட்டறைக்காரர்கிட்டயே போவோம். அவருக்கு விளங்குனாப் போதும்."

கோகிலாவின் முகம் வெளுத்தது. "எங்கப்பாகிட்டங்களா?"

அடுத்த நாள் காலை நாலு பேரும் ஒரு காரில் ஏறி ஒட்டன்சத்திரம் தாண்டிப் போனோம். வேலுச்சாமி தோட்டத்து வாசலிலேயே நின்றார். ஒல்லியான மனிதர், தலையில் துண்டு. எங்களை வரிசையாகப் பார்த்தார்.

"வாங்க, வாங்க. எல்லாருமே டாக்டருங்களா?"

"இவங்க ரெண்டு பேரும் டாக்டருங்க," என்றேன். "நான் இல்லீங்க."

"நீங்க என்ன வேலைங்க?"

"இவங்க சொல்றது எனக்குப் புரியலன்னு சொல்ற வேலைங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுக்கும் கவருமெண்டுல சம்பளம் குடுக்கறாங்களா?"

மோர் வந்தது. பட்டறைக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் அவரை உட்கார வைத்தோம். மேடம் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். கோகிலா நின்றாள். கையில் தாள் இல்லை. அப்பாவைப் பார்த்துச் சொல்லாமல் பட்டறையைப் பார்த்துச் சொன்னாள். முதலில் அவசரமாக, போகப்போக நிதானமாக. முடித்ததும் மேடம் கேட்டார்.

"ஐயா, உங்க பொண்ணு என்ன சொன்னா? எனக்குச் சொல்லுங்க."

வேலுச்சாமி துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

"என்ற பட்டறைக்கும் பக்கத்தான் பட்டறைக்கும் பத்தடி தூரமுங்க. ஒரே வெதை, ஒரே மண்ணு, ஒரே மழை. என்றது அடியில அழுகுது. அவன்றது கல்லாட்டம் இருக்குது. கடைசித் தண்ணிய எப்பக் கட்டுனோம், வெங்காயத் தாளு எத்தன நாளு காஞ்சுது, கல்லு எவ்வளவு ஒசரம், இதெல்லாம் ஒண்ணொண்ணா மாத்தி வெச்சுப் பாத்து, எதுனால அழுகுதுன்னு சொல்லுவாளாம். அப்புறம் நானு அத மட்டும் மாத்திக்கிட்டாப் போதுமாம். இல்லீங்களா அம்மிணி?"

எனக்குச் சற்றுப் பொறாமையாக இருந்தது. என் இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒரு முறைகூட நான் திருப்பிச் சொன்னதில்லை.

"ம்," என்றார் மேடம். குட்டை 'ம்'.

"நல்லாத்தான் இருக்குது," என்றார் வேலுச்சாமி. "ஆனா காசு வந்தாப் படிக்கட்டுமுங்க. வரலீனா மில்லு. அதுல மாத்தமில்லீங்க."

தண்டபாணி சார் தொண்டையைச் செருமினார். "இன்னொண்ணுங்க. ரெண்டு பட்டறையிலயும் ஆய்வு செய்யோணும். பக்கத்துக்காரருங்க சம்மதக் கையெழுத்து வேணுமுங்க. அது இல்லாம விண்ணப்பம் போகாதுங்க."

வேலுச்சாமி எழுந்துவிட்டார். "அவன்கிட்டயா? நானு பேசி ஏழு வருசமாச்சுங்க!"

விஷயம் இதுதான். ஏழு வருடத்துக்கு முன்னால் குப்பண்ணனின் வெள்ளாடு வேலியைத் தாண்டி வந்து வேலுச்சாமியின் முருங்கைக் கன்றுகளைத் தின்றுவிட்டது. அந்த ஆடு செத்தே நாலு வருடம் ஆகிறது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலுச்சாமி அவளை ஒரு முறை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். நான் கையில் படிவமும் பேனாவும் வைத்திருந்தேன்.

குப்பண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் எங்களைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார். ஒரு எட்டுத் தூரம்கூட இல்லை. வேலுச்சாமி அவரைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மிணி, அவிங்ககிட்டச் சொல்லு. ஒரு கையெழுத்து வேணுமாம்."

குப்பண்ணனும் கோகிலாவைப் பார்த்தார். "எதுக்குன்னு உங்கொப்பன்கிட்டக் கேளு சாமி."

"உன்ற படிப்புக்குன்னு சொல்லு."

"படிப்புக்கு என்ற கையெழுத்து எதுக்குன்னு கேளு."

கோகிலா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள், அவளுக்கு வாய் திறக்க வேலையே இல்லை. வேலுச்சாமிக்குப் பொறுமை போய்விட்டது. ஏழு வருடத்தில் முதல் முறையாக நேராகத் திரும்பினார்.

"உன்ற வெங்காயம் ஏன் அழுகறதில்லைன்னு பாக்கோணுமாமப்பா! போதுமா?"

குப்பண்ணனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனை வருடமாக அந்த வார்த்தையை இந்த வாயிலிருந்து எதிர்பார்த்திருந்தாரோ.

"இதுக்கு எதுக்கு டெல்லி வரைக்கும் போறீங்க? நீயி வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே."

"சரி. இப்பக் கேக்கறேன். சொல்லு."

குப்பண்ணன் பட்டறையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கீற்றைப் பார்த்தார். காதைச் சொறிந்துகொண்டார்.

"எனக்குந் தெரியாது."

மேடம் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்டபாணி சாரிடம் சொன்னார்: "அத முதல் வரியா எழுதுங்க சார்."

எழுதினோம். பத்தடி இடைவெளியில் இரண்டு பட்டறைகள், ஒன்று அழுகுகிறது, ஒன்று அழுகவில்லை, காரணம் இரண்டு உரிமையாளர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நான் உத்தியோகத்தில் அடித்த வரிகளிலேயே நல்ல வரி அது. நுண்ணுயிர்க் கூட்டமும் உள்ளே இருந்தது, ஆனால் அதற்கு ஒரு வேலை கொடுத்து உட்கார வைத்திருந்தோம்.

பிரகாஷ் கேட்டதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. பணம் வரும், வராமலும் போகும். அதற்கு முன்னால், தனக்கு என்ன தெரியாது என்று ஒரு மனிதன் காகிதத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. படித்தவனுக்கு அதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை. அதைச் செய்துவிட்டால் எங்கே போய்ப் பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், யாருடைய வேலியைத் தாண்ட வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். கம்ப்யூட்டர் முப்பது பக்கம் எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. குப்பண்ணனிடம் யார் போவது?

விண்ணப்பம் போனது. பங்குனி முடிந்தது. கோகிலாவின் உதவித்தொகை நின்றது. சித்திரை, வைகாசி, ஆனி என்று ஓடியது. அவள் மட்டும் வந்துகொண்டே இருந்தாள், அப்பா கொடுத்த பஸ் காசில்.

"மில்லுல என்ன சொல்றாங்கம்மா?" என்று நான் அடிக்கடி கேட்பேன்.

"எப்பச் சேரச் சொல்றாங்கன்னு அப்பாகிட்டக் கேட்டாலே, இன்னும் கூப்பிடலைங்கறாரு சார். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிட்டே போறாங்களாம்."

நல்ல மில் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஆணை வந்தது. மூன்று வருடம், ஒரு ஆய்வாளருக்கான உதவித்தொகை உட்பட. நான் தண்டபாணி சாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் கோகிலாவைக் கூப்பிட்டேன். அவள் படித்துவிட்டு அங்கேயே நின்றபடி ஊருக்குப் போன் செய்தாள். அவசரத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள். எனக்கும் கேட்டது.

"அப்பா, வந்துருச்சுங்கப்பா. மூணு வருசத்துக்கு."

அந்தப் பக்கம் மோட்டாரை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"அப்பா, மில்லுக்காரங்களுக்குப் போன் பண்ணி, வரலைன்னு சொல்லிப்போடுங்கப்பா."

"அதெல்லாம் சொல்லியாச்சு சாமி."

"எப்பங்கப்பா?"

"நீங்க கார்ல வந்துட்டுப் போனீங்கல்ல, அன்னைக்குப் பொழுதோட."

கோகிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவளைக் கூப்பிடாத மில்லை நானும் நினைத்துப் பார்த்தேன்.

"அப்பவே ஏனுங்கப்பா சொல்லல?"

"சொன்னா நீ காசு வந்தாலும் சரி, வராட்டியும் சரின்னு இருந்திருப்ப. இரு, லைன்லயே இரு, வச்சுப்போடாத. குப்பண்ணன் வேலிக்கிட்டத்தான் நிக்கறான், அவன்கிட்டச் சொல்லிட்டு வாரேன்."